பழைய மோட்டார் படகின் உள்வேலை: விண்டரில் கை வைக்குமுன் எல்லாரும் கேட்கிற கேள்விகள்

கனடாவில், ஒன்ராறியோவின் ஒரிலியாப் பக்கம் ஒரு வளவில் தறப்பாளுக்குக் கீழே கிடந்த 24 அடிப் பைபர் படகை நான் வாங்கிக்கொண்டு வந்தபோது வீட்டில் இரண்டு நாள் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. 1979ஆம் ஆண்டுப் படகு. இரண்டு பேர் படுக்க ஒரு சின்ன அறை, ஒரு குசினி மூலை, உக்கின தளம். இரண்டு விண்டர் அதற்குள்ளேயே கிடந்து திருத்தினேன். அதன்பிறகு ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பழைய படகு வாங்குகிற எங்கள் ஆட்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதேதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"ஏன் அண்ணை விண்டரில செய்யிறியள்? சமர்ல எண்டால் கை விறைக்காதே?"

சமரில் படகு தண்ணீரில் நிற்கவேண்டும், வேறு காரணம் இல்லை. ட்ரென்ற்-செவேர்ன் நீர்வழியின் லொக்குகள் (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுகள்) மே நடுப்பகுதியில், விக்ரோறியா தின விடுமுறையை ஒட்டித் திறந்து, ஒக்ரோபரில் நன்றிகூறல் நாளோடு மூடிவிடும். 386 கிலோமீற்றர் நீர்வழி. அதில் ஓட எங்களுக்குக் கிடைப்பது வருடத்தில் ஐந்து மாதம்.

ஆனால் "விண்டர் வேலை" என்றால் ஜனவரி மாதம் படகுக்குள் இருந்து பெயின்ற் அடிப்பது என்று நினைக்கக்கூடாது. நான் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஒக்ரோபர், நவம்பரில் ஒழுக்குத் தேடுவதும் உடைப்பதும். டிசம்பரில் இருந்து மார்ச் வரை வீட்டுக்குள்ளும் கராஜிலும் செய்யக்கூடியவை: பலகை அறுப்பது, மெத்தை தைப்பது, சுவிட்ச் பலகை கட்டுவது. ஏப்ரலில் இருந்துதான் படகுக்குள் ஒட்டுவதும் பூசுவதும் பூட்டுவதும். இந்த ஒழுங்கை மாற்றினால் குளிர் உங்களை மாற்றிவிடும்.

"சரி, முதல் எதில கை வைக்கிறது?"

எதிலும் வைக்காதீர்கள். முதலில் ஃபோனை எடுத்து எல்லா மூலையையும் படம் பிடியுங்கள். எந்த வயர் எந்தத் துவாரத்தால் போகிறது, எந்தத் துண்டுக்கு மேல் எந்தத் துண்டு இருக்கிறது என்பது ஏப்ரலில் ஒருவருக்கும் நினைவிருக்காது. கழற்றிய ஆணிகளைச் சின்னப் பைகளில் போட்டு, எதன் ஆணி என்று எழுதுங்கள்.

பிறகு மெத்தை, கம்பளம், அலுமாரிக் கதவு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, தண்ணீர்க் குழாயைப் பிடித்து மேல்தளத்தில் ஓடவிடுங்கள். ஒருவர் மேலே, ஒருவர் ரோர்ச் லைற்றோடு உள்ளே. கீழே இருந்து தொடங்கி, ஒரு இடத்தில் பத்து நிமிடம் என்று மெல்ல மேலே போகவேண்டும். ஜன்னல், கைப்பிடிக் கம்பியின் அடி, கயிறு கட்டும் கட்டை, ஓரக் கம்பிவேலித் தூண்: துளை போட்ட எந்த இடமும் சந்தேகத்துக்குரியதுதான். இதை உறைபனி தொடங்குமுன் செய்யவேண்டும்; நவம்பருக்குப் பிறகு வெளிக்குழாயையே பூட்டிவிடுவீர்கள். என்னுடைய படகில் ஏழு ஒழுக்கு. ஏழையும் அடைக்காமல் உள்ளே புதுப் பலகை போட்டிருந்தால் அதுவும் உக்கியிருக்கும்.

"உள்ளுக்க ஒரு பழைய மணம். என்ன அடிச்சாப் போகும்?"

அடித்து எதுவும் போகாது. மணம் ஒரு பொருளில் இருந்து வருகிறது, அந்தப் பொருளைத் தூக்கி எறியவேண்டும். பழைய மெத்தைப் பஞ்சு முதலாவது. கூரை உட்துணிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய பஞ்சு இரண்டாவது. தளத்துக்குக் கீழே படகின் வயிற்றில் தேங்கிய எண்ணெயும் தண்ணீரும் மூன்றாவது. அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் பாதி மணம் அன்றைக்கே போய்விடும்.

கழிவறை இருக்கும் படகென்றால் குழாயைச் சோதியுங்கள். ஒரு துணியைச் சுடுதண்ணீரில் நனைத்துக் குழாயின் வெளிப்பக்கத்தைச் சுற்றிப் பிடித்து, ஆறியதும் துணியை மணந்து பாருங்கள். துணி மணந்தால் குழாயின் சுவர் ஊடாகவே நாற்றம் கசிகிறது. கழுவிப் பயனில்லை, மாற்றவேண்டும். அந்தச் சோதனையைச் சாப்பாட்டுக்கு முன் செய்யாதீர்கள்.

"தளத்தில கால் வைச்சால் மெத்துமெத்தெண்டு அமருது. மேலால ஒரு பிளைவுட்டை அடிச்சு விடலாமோ?"

படகை விற்ற ஆளும் அதைத்தான் செய்திருந்தார். என்னுடைய தளத்தில் மூன்று அடுக்கு இருந்தது, மூன்றும் உக்கியிருந்தது.

அந்தக் காலத்துப் பைபர் படகில் தளம் என்பது பிளைவுட்டுக்கு மேல் கண்ணாடி நார் போர்த்தியது. அதற்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் உத்தரங்களும் பலகைதான். ஒரு திருகாணித் துளையால் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. மேலால் புதுப் பலகை அடிக்கும்போது புதிதாக ஐம்பது துளை போடுகிறீர்கள், ஈரத்தையும் உள்ளே பூட்டுகிறீர்கள். அமர்கிற இடத்தைச் சுற்றி வெட்டித் திறந்து, சத்தமும் பலமும் சரியாக இருக்கிற இடம் வரைக்கும் போங்கள். சுத்தியலின் பிடியால் தட்டினால் நல்ல பலகை "டக்" என்று கேட்கும், உக்கினது "தொப்" என்று கேட்கும். சந்தேகமென்றால் மெல்லிய துளை ஒன்று போட்டுப் பாருங்கள். வெளிவரும் தூள் மஞ்சளாக உலர்ந்திருந்தால் நல்லது, கோப்பித் தூள் மாதிரிக் கறுப்பாக ஒட்டினால் கெட்டது.

"ஈரம் பாக்கிற மீற்றர் வாங்கினனான். ஜனவரியில காட்டினது, எல்லாம் காஞ்சு கிடக்கெண்டு. பிறகேன் உடைப்பான்?"

ஜனவரியில் உங்கள் படகுக்குள் இருந்தது தண்ணீர் இல்லை, ஐஸ். அந்த மீற்றர் தண்ணீரின் மின்தன்மையை வைத்துத்தான் ஈரத்தை ஊகிக்கிறது. உறைந்த ஈரம் அதன் கண்ணுக்குத் தெரியாது. மேலே சொன்ன தட்டிப் பார்க்கும் சோதனையும் அப்போது ஏமாற்றும், ஏனென்றால் உறைந்த உக்கல் பலகை கல் மாதிரிச் சத்தம் போடும். ஒக்ரோபரில் அளவெடுங்கள். இல்லாவிட்டால் படகு நாலைந்து நாள் சூடாக இருந்த பிறகு எடுங்கள். விண்டரில் படகு வாங்கப் போகிறவர்களுக்கும் இதுதான் என் புத்திமதி: மைனஸ் 15இல் தட்டிப் பார்த்து விலை பேசாதீர்கள்.

"எங்கட அப்பா ஊரில மரவள்ளமே கட்டினவர். இது வெறும் பிளாஸ்ரிக். இதுக்கு இவ்வளவு யோசிக்கவேணுமோ?"

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாய்விரித்துப் போனது. எங்கள் ஆட்களுக்குக் கப்பல் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த அறிவை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வழுக்கும். மரவள்ளத்தில் பலகை வெளியே தெரியும், காற்றுப் படும், தண்ணீரில் ஊறிப் பருத்து இடைவெளியைத் தானே அடைக்கும். கலப்பத்து (பலகை இடைவெளியில் அடிக்கும் அடைப்பு) அடித்த இடம் விட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியும், திரும்ப அடிக்கலாம். பைபர் படகிலோ பலகை சிறைக்குள் இருக்கிறது. இன்னொன்று, உப்புத் தண்ணீர் மரத்தை உக்க வைக்கும் பூஞ்சணத்துக்கு ஆகாது. சிம்கோ ஏரியும் மழையும் உருகின ஸ்னோவும் நல்ல தண்ணீர். ஊரில் கடல் செய்த பாதுகாப்பை இங்கே நீங்கள்தான் செய்யவேண்டும்.

"எந்தப் பலகை வாங்குறது? மருந்தடிச்ச பச்சைப் பலகை உக்காதாமே?"

பலகை உக்காது, ஒட்டு விட்டுப்போகும். மருந்தூட்டிய பலகை கடையில் இருந்து வரும்போதே ஈரமாக இருக்கும். ரெசின், அதாவது கண்ணாடி நாரில் ஊறி இறுகும் பசை, அதில் சரியாகப் பிடிக்காது. அதில் உள்ள செம்புச் சேர்மானம் அருகில் இருக்கும் அலுமினியத்தையும் தின்னும்.

பி.எஸ். 1088 என்ற பிரித்தானியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட் சிறந்தது. அது உக்காத மரம் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. உள்ளடுக்குகளில் ஓட்டை இருக்காது, பசை தண்ணீருக்கு விடாது, அவ்வளவுதான். விளிம்புகளையும் துளைகளையும் எபொக்சி என்ற ரெசினால் மூடாவிட்டால் அதுவும் போகும். தளத்துக்கும் உத்தரத்துக்கும் அதை வாங்குங்கள், அலுமாரிக் கதவுக்கு அவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை. மரத்தூளை அமுக்கிச் செய்த தளபாடப் பலகையை மட்டும் படகுக்குக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். ஒரு ஈரமான வாரத்தில் பாண் மாதிரி ஊதும்.

"ரெசின் இந்தக் குளிருக்கு இறுகுமோ?"

எதை வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. எபொக்சியை இறுக வைக்க அதோடு கலக்கும் கடினமாக்கி வேகமானது, மெதுவானது என்று வரும். வேகமானது ஏறக்குறைய 5 பாகை வரை வேலை செய்யும், மெதுவானதற்கு 16 பாகையாவது வேண்டும். பொலியெஸ்டர் ரெசின் மலிவு, ஆனால் அதற்கும் 15 பாகைக்கு மேல் இருந்தால்தான் நம்பலாம். மணமும் தலையைச் சுற்றும். பழைய பொலியெஸ்டருக்கு மேல் எபொக்சி நன்றாகப் பிடிக்கும். எபொக்சிக்கு மேல் பொலியெஸ்டர் பிடிக்காது. ஆகவே உக்கின தளத்தைத் திருத்துகிறவர்களுக்கு நான் எபொக்சியைத்தான் சொல்வேன்.

காற்றின் சூட்டை மட்டும் பார்க்காதீர்கள். படகின் உடல் ஐஸ்கட்டி மாதிரி இருந்தால் அறை 18 பாகையில் இருந்தும் பயனில்லை. ஒட்டப்போகும் இடத்தை முதல்நாளே சூடாக்குங்கள், ரெசின் போத்தலை வீட்டுக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். இறுகாது என்று பயந்து கடினமாக்கியைக் கூட ஊற்றுகிறவர்கள் உண்டு. எபொக்சியில் அது வேகத்தைக் கூட்டாது, கெடுக்கத்தான் செய்யும். இறுகிய பிறகு மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வந்தால் பயப்படாதீர்கள். வெறும் தண்ணீரும் உரஞ்சும் துணியும் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த படையைப் பூசவேண்டும்.

"கராஜில புரொப்பேன் ஹீற்றர் ஒண்டு கிடக்கு. அதைக் கொளுத்திவிட்டால் காணும்தானே?"

ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். நீங்கள் மூன்று மாதமாக வெளியேற்றப் பாடுபட்ட ஈரத்தை ஒரு பின்னேரத்தில் திரும்ப உள்ளே விடுகிறீர்கள். அது போய்க் குளிர்ந்த சுவரில் வியர்க்கும். அதைவிடப் பெரிது காபன் மொனொக்சைட். தறப்பாளுக்குக் கீழே மூடிய படகில் அது ஆளைக் கொல்லும். பசையின் ஆவியும் நெருப்பும் ஒன்றாக இருப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

எண்ணெய் நிரப்பிய மின் ஹீற்றரும் சின்ன ஈரமகற்றியும் போதும். நீட்டு வயர் தடித்ததாக இருக்கவேண்டும். மெல்லிய வயர் தொட்டால் சுடும். இரவில் ஆள் இல்லாமல் எரியவிடக்கூடாது. பல மரீனாக்களில் அதற்கு அனுமதியும் இல்லை, முதலில் கேளுங்கள். தறப்பாள் போர்த்தினால் இரண்டு பக்கமும் காற்றுவழி விடுங்கள்.

"கொரோனா காலத்து மாஸ்க் பெட்டியோட கிடக்கு. அது காணுமோ?"

காணாது. அரைக்கும்போது வரும் கண்ணாடித் தூளுக்கு முகத்தோடு இறுகப் பொருந்தும் தூள் வடிகட்டி வேண்டும். ரெசின், பெயின்ற், பசை ஆவிக்குக் கரி நிரப்பிய வேறு வடிகட்டி. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. பழைய புகைபோக்கிக் குழாயைச் சுற்றி வெள்ளைத் துணி மாதிரி ஏதாவது சுற்றியிருந்தால் அதைக் கிழிக்காதீர்கள். அந்தக் காலத்தில் அஸ்பெஸ்டஸ் பாவித்தார்கள்.

"சிலிக்கன் அடிச்சுவிட்டா ஜன்னல் ஒழுக்கு நிக்கும்தானே?"

அந்தச் சமருக்கு நிற்கும். பிறகு ஒழுகும், அப்போது அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது, பெயின்ற்கூடப் பிடிக்காது. ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றி, பழையதைச் சுரண்டிச் சுத்தமாக்கி, பியூற்றில் ரேப் (இறுகாமல் ஒட்டும் ரப்பர் நாடா) வைத்துத் திரும்பப் பூட்டுவதுதான் வேலை. குளிரில் அந்த ரேப் விறைத்து நிற்கும், சட்டைப்பைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். திருகாணியை ஒரே நாளில் முழுக்க இறுக்காமல் நாலைந்து நாளாக இறுக்கவேண்டும். பெற்றோல் படும் இடத்தில் மட்டும் அது வேண்டாம், கரைந்துவிடும். அக்ரிலிக் கண்ணாடிக்குப் பொலிசல்பைட் பசையும் வேண்டாம், கண்ணாடியைக் கெடுக்கும்.

மேல்தளத்தில் துளை வழியே ஒழுகினால் துளையைப் பெரிதாக்கி, தடித்த எபொக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் சரியான அளவில் திரும்பத் துளையிடுங்கள். இனிப் பசை விட்டுப்போனாலும் தண்ணீர் பலகையைத் தொடாது. முழு வேலையிலும் மிகச் சலிப்பானது இதுதான். மிகப் பெறுமதியானதும் இதுதான்.

"வீட்டில தையல் மெசின் இருக்கு. மனிசியிட்டக் குடுத்து மெத்தையைத் தைப்பிக்கலாமோ?"

மெசினைக் கேளுங்கள், மனிசியை விடுங்கள். நானே தைத்தேன். வீட்டு மெசின் இரண்டு மடிப்பு மரைன் வைனிலைத் தைக்கும், மூலையில் நாலு மடிப்பு வந்தால் நின்றுவிடும். அந்த இடத்தில் சில்லைக் கையால் சுற்றவேண்டும். 16 அல்லது 18 இலக்க ஊசி, பொலியெஸ்டர் நூல். பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் இரண்டு வருடத்தில் விட்டுப்போகும். பலகையில் பிடிக்கும் ஸ்ரேப்பிள் கறள் பிடிக்காத உருக்காக இருக்கட்டும், இல்லாவிட்டால் புது மெத்தையில் கறள் கறை வரிசையாக வரும்.

படுக்கும் மெத்தையின் அடிப்பக்கம் வைனில் போடாமல் வலைத்துணி போடுங்கள். கீழே இருக்கும் பலகையிலும் பெரிய துளைகள் போடுங்கள். இரவில் உடம்புச் சூட்டில் வரும் வியர்வை கீழே இறங்கிக் குளிர்ந்த பலகையில் தேங்கும். பூஞ்சணம் அங்கேதான் தொடங்கும், மேலே ஒன்றும் தெரியாது.

"கூரைத் துணி தொங்குது. பசையடிச்சு ஒட்டலாமோ?"

முடியாது. துணிக்குப் பின்னால் இருந்த பஞ்சு தூளாகிவிட்டது, பசைக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. முழுக்கக் கழற்றி, தூளைத் தூரிகையால் சுரண்டவேண்டும். நான் திரும்பத் துணி ஒட்டவில்லை. மெல்லிய பலகைத் துண்டுகளில் துணியைச் சுற்றி, அவற்றைத் திருகாணியால் பூட்டினேன். ஒழுக்கு வந்தால் ஒரு துண்டைக் கழற்றிப் பார்க்கலாம். ஏப்ரலில் ஒருநாள் வேலை, ஜனவரியில் கராஜில் பத்து நாள் வேலை.

"என்ர மச்சான் வீடுகளுக்கு வயர் இழுக்கிறவர். அவர் செய்தால் சரிதானே?"

கை தேர்ந்தவர்தான், ஆனால் பழக்கம் வேறு. வீட்டுக்கு இழுப்பது ஒற்றைக் கம்பி. படகின் அதிர்வில் அது முறியும். படகுக்கு ஈயம் பூசிய பல இழைச் செம்பு வயர் வேண்டும். முறுக்கிப் போடும் மூடிகள் கூடாது, நசுக்கிப் பொருத்தும் முனைகள்தான். பற்றறியில் இருந்து 18 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் இருக்கவேண்டும் என்பது அமெரிக்கப் படகு மன்றத்தின் தர விதி. வட அமெரிக்காவில் பெரும்பாலும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

மச்சானிடம் கட்டாயம் சொல்லவேண்டியது கறுப்பு வயர் பற்றி. வீட்டில் கறுப்பு என்றால் உயிருள்ள வயர். பழைய படகில் கறுப்பு என்றால் 12 வோல்ற்றின் மைனஸ். இரண்டும் ஒரே படகில் இருந்தால் விபரீதம். அதனால்தான் மைனசுக்கு மஞ்சள் நிறத்தை இப்போது விரும்புகிறார்கள். கரையில் இருந்து 120 வோல்ற் எடுக்கும் பகுதியைப் படகு வேலை தெரிந்த மின்னியலாளரிடமே கொடுங்கள்.

பெற்றோல் இயந்திரம் உள்ளே இருக்கும் படகென்றால் அந்த அறைக்குள் வைக்கும் எந்த மின்கருவியும் தீப்பொறி வெளியே வராத வகையாக இருக்கவேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், வயிற்றில் போய்த் தேங்கும். இயந்திரத்தை இயக்குமுன் காற்றோட்ட விசிறியை நாலு நிமிடம் ஓடவிடச் சொல்வது சும்மா இல்லை.

"குசினி வைக்கலாமோ? ஏரியில பிடிச்ச மீனை அங்கயே பொரிக்கவேணும்."

ஆசை விளங்குது. ஆனால் புரொப்பேனும் காற்றைவிடப் பாரம். அதன் உருளைக்கு, அறையோடு தொடர்பில்லாத, அடியில் படகுக்கு வெளியே திறக்கும் துளையுள்ள தனிப் பெட்டி வேண்டும். 24 அடிப் படகில் அதற்கு இடம் கண்டுபிடிப்பது கஷ்டம். நான் நிரந்தர அடுப்பு வைக்கவில்லை. கழுவும் தொட்டி, ஒரு பலகை, ஐஸ்பெட்டி மட்டும்தான். மீன் துறைமேடையில் சின்ன அடுப்பில் பொரிகிறது. பொரித்த மணம் புது மெத்தையில் ஏறினால் மூன்றாவது கேள்விக்குத் திரும்பிப் போகவேண்டி வரும்.

அடுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், படுக்கிற இடத்தில் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி வையுங்கள். பக்கத்துப் படகின் ஜெனரேற்றர் புகையும் உங்கள் அறைக்குள் வரும்.

"உடைச்சுக்கொண்டு போகப் போக, இயந்திரத்துக்குக் கீழ இருக்கிற உத்தரமும் போட்டுது. தொடருறதோ, விடுறதோ?"

இந்த அழைப்பு வழக்கமாக டிசம்பரில் வரும், குரலே வேறாக இருக்கும். முதலில், எல்லா உத்தரத்தையும் ஒன்றாக வெட்டாதீர்கள். படகின் உருவத்தைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான். ரிறெயிலரின் இரண்டு மூன்று முனைகளில் படகு நிற்கும்போது அவற்றை எடுத்தால் உடல் வளையும்; வளைந்த நிலையில் புதிதாக ஒட்டினால் அந்த வளைவு நிரந்தரம். அடியில் பல இடத்தில் முட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மற்றப் பக்கம் போங்கள். பழையதை வெட்டுமுன் மட்டையில் அதன் உருவத்தை வெட்டி வையுங்கள்.

தொடர்வதா என்றால்: இயந்திரத்தைத் தூக்கவேண்டி வந்து, பின்சுவரும் உக்கியிருந்து, இயந்திரமும் பழையதென்றால், நான் விட்டுவிடுவேன். இதில் ஒன்று மட்டும் என்றால் தொடருவேன். "இவ்வளவு செலவழிச்சாச்சே" என்பது ஒரு காரணமே இல்லை.

"எல்லாமா எவ்வளவு முடியும்?"

எனக்கு உள்வேலைக்கு மட்டும் படகு வாங்கிய விலையைவிடக் கூட முடிந்தது. அதில் மெத்தையும் துணியும் சின்னப் பங்கு. எபொக்சியும் பலகையும் வயரும்தான் பெரிது. விற்கும்போது அந்தக் காசு திரும்ப வராது. வீட்டு வளவில் வைத்துச் செய்தால் மரீனா வாடகை மிஞ்சும், ஆனால் முற்றத்தில் படகு நிறுத்த உங்கள் நகரசபை விடுமா என்று முதலில் பாருங்கள். ஒன்ராறியோவில் 2.6 மீற்றருக்கு மேல் அகலமான படகை றோட்டில் இழுக்க அனுமதிப் பத்திரமும் வேண்டும்.

"மே மாசத்துக்கு முடியேல்லையெண்டால்?"

முடியாது, அதை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். ஒழுக்கு, தளம், வயர், காற்றோட்ட விசிறி, எச்சரிக்கைக் கருவி: இந்த ஐந்தும் முடிந்திருந்தால் இறக்கலாம். நாங்கள் முதல் சமர் முழுவதும் பெயின்ற் அடிக்காத பலகைத் தளத்தில் முற்றத்துப் பிளாஸ்ரிக் கதிரை போட்டுத்தான் பீற்றர்பரோ லிஃப்ற் லொக் வரைக்கும் போனோம். 1904இல் திறந்தது அது; படகோடு எங்களை ஏறக்குறைய 20 மீற்றர் உயரத்துக்குத் தூக்கியது. கதிரை கொஞ்சமும் ஆடவில்லை.

இறக்கும் நாளில் ரிறெயிலரில் இருந்து படகைக் கழற்றுமுன் தளத்து மூடியைத் திறந்து கீழே பாருங்கள். தண்ணீர் வந்தால் அப்படியே திரும்ப இழுக்கலாம். வராவிட்டாலும் முதல் இரவு வீட்டுக்குப் போகாமல் படகிலேயே படுங்கள். மழை பெய்தால் இன்னும் நல்லது.